நான்கு தலையும் சரியாக இருந்த நாள்

நம் மாவட்டத்திலிருந்து இந்த ஆண்டு ரெஜிமெண்டில் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும், ஏற்கெனவே சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பதினோரு பேருக்கும் வணக்கம். ஆக மொத்தம் பதினேழு. ஆனால் நீங்கள் என்னைச் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பேர் என்று காட்டுகிறது. அந்தப் பதினெட்டாவது ஆள் யார் என்று மூன்று வாரமாகக் கேட்கிறேன். கட்டை விரலைக் காட்டுகிறீர்களே தவிர ஒருவரும் பதில் சொல்லவில்லை. கட்டை விரல் மட்டும் இதுவரை ஒன்பது.

நீங்கள் அச்சிடும் சிறப்பு மலருக்காக "அந்த எண்ணிக்கைக் கதையை" நானே எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதை உங்களுக்கு முன்பே தெரியும். சேர்ந்த முதல் மாதத்திலேயே பயிற்சி தரும் உஸ்தாத் யாராவது சொல்லியிருப்பார். பாலைவனத்தில் பயிற்சி நடக்கிறது. டாங்கு கிளம்பப் போகிறது. ஒரு தஃபேதார் தலையை எண்ணுகிறார். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. உடனே டாங்கை நிறுத்துகிறார். டாங்கின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த நான்காவது ஆள் உயிர் பிழைக்கிறான். "அதனால், தம்பிகளா, எப்போதும் எண்ணுங்கள்."

அந்தத் தஃபேதார் நான்தான். கதையில் பாலைவனம் சரி, நிழல் சரி, தூக்கம் சரி, உயிர் பிழைத்ததும் சரி. மற்றதெல்லாம் தப்பு. முப்பத்தொரு ஆண்டுகளாகத் தப்பாகச் சொல்லப்பட்டு வருகிறது. திருத்தியிருக்க வேண்டிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரும் நான்தான்.

என் வாய் சரியான நேரத்தில் திறக்காது என்பதற்கு அதற்கும் முந்திய சாட்சி ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய தப்புக்குப் போவதற்கு முன் சின்னத் தப்பில் கொஞ்சம் கை பழகிக்கொள்ளலாம்.

நம்முடையது குதிரைப்படையாக இருந்து டாங்குப் படையாக மாறிய ரெஜிமெண்ட். காலாட்படையில் சிப்பாய் என்பவனை நாம் சவார் என்போம், அதாவது குதிரை ஏறியவன். ஹவில்தாரை தஃபேதார் என்போம். சுபேதாரை ரிசால்தார் என்போம். தொப்பியில் ஈட்டி. மெஸ்ஸில் குதிரைப் படம். குதிரை மட்டும் கிடையாது. நான் சேர்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் முதல் விடுமுறையில் வடக்கனந்தலுக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன் இதை விளக்கமாகச் சொல்வானா? "குதிரைப் படை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அந்த விடுமுறையில் தியாகதுருகத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுத் திருமணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு முன்னால் அது நின்றுவிட்டது. குதிரைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஊர்வலம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "குதிரப் பட்டாளத்துக்காரு இங்க தான கீறாரு, அவரக் கூப்புடுங்கப்பா!" என்றது ஒரு குரல்.

தெரியாது என்பது நான்கு எழுத்து. சொல்லியிருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். வாழ்க்கையில் குதிரையைத் தொட்டது அதுதான் முதல் முறை. என் கையில் என்ன தெரிந்ததோ, அது முழுதாகத் திரும்பி, மண்டபத்துக்கு எதிர்த்திசையில், மாப்பிள்ளையோடு, தன் கொட்டகையைப் பார்த்து நடையைக் கட்டியது. மேளக்காரர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று வாசித்தார்கள். என் தாய்மாமன் பக்கத்தில் வந்து நிதானமாகக் கேட்டார்: "இன்னா மாப்ள, பட்டாளத்துல குதிரைங்க எல்லாம் இப்டித்தான் ரிவர்சுல போவுமா?"

அன்றே பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

இனி ரெஜிமெண்ட் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. குதிரைக் காலத்தில் சவார் ஏறி உட்காருவதற்கு முன்னால் குதிரையை ஒரு முறை சுற்றி வருவான். கழுத்தில் கை வைப்பான். கையை எடுக்காமலே விலா, பின்பக்கம், மறு விலா என்று தடவிக்கொண்டே வந்து மறுபடி கழுத்தில் முடிப்பான். வழியில் வார் இறுக்கமா, லாடம் இருக்கிறதா, புண் ஏதாவது உண்டா என்று பார்த்துவிடுவான். இதற்குச் 'சுற்று' என்று பெயர். குதிரைகள் போய் டாங்குகள் வந்தபோது பழைய ஆட்கள் பெயர்களை விடவில்லை. டாங்குக் கொட்டகையை லாயம் என்றார்கள். காலையில் எண்ணெய், சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, போல்ட் பார்க்கும் நேரத்தை லாயப் பரேடு என்றார்கள். சுற்றையும் விடவில்லை.

என் காலத்தில் ஒரு ரிசால்தார் சாப் இருந்தார். அவருடைய அப்பா இதே ரெஜிமெண்டில் நிஜக் குதிரை ஏறியவர். குதிரைகளை ஒப்படைத்த மறுநாள் அந்த மனிதர் புது டாங்கைச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து குளம்பு எங்கே என்று தேடினாராம். ரிசால்தார் சாப் இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். இன்னொன்றும் சொல்வார். படை நடத்திப் போகும்போது சவார்கள் குதிரையின் காலடியிலேயே படுத்துத் தூங்குவார்களாம். குதிரை தன் ஆளை மிதிக்காதாம். இருட்டிலும் காலைத் தூக்கித் தாண்டி வைக்குமாம். அழகான கதைதான். சொல்லி முடித்ததும், "இது குதிரைக்கு மட்டும்" என்று அவர் ஒரு வரி சேர்ப்பார். கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள்.

நாங்கள் வந்தபோது சுற்று மிகவும் தேய்ந்துபோயிருந்தது. டாங்கின் முன்பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவோம், ஏறுவோம். சுற்று முடிந்தது. நீங்கள் தட்டுகிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒருவனைத் தவிர. அண்ணாமலை, எங்கள் டாங்கின் டிரைவர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். சாமை போடுகிற குடும்பம். உங்களுக்கு அவர், எனக்கு அவன். பயிற்சியில் யாரோ சுற்று என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன், கையை இரும்பில் வைத்து, முழுச் சுற்று. வெயிலில் இரும்பு சுடும் என்பதால் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வான். நாற்பத்திரண்டு அடி எடுத்து வைப்பான், நான் எண்ணியிருக்கிறேன். அவன் டீ குடித்து முடிப்பதற்குள் நான் இரண்டு டீ குடித்து டம்ளரையும் கழுவிவிடுவேன். அப்படிப்பட்ட நடை. எங்கள் டாங்குப் பிரிவான ஸ்குவாட்ரனே அவனைப் 'பிரதட்சிணம்' என்று கூப்பிட்டது. பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

எங்கள் கன்னர், அதாவது பீரங்கியைக் குறி பார்த்துச் சுடுகிறவன், தியாகதுருகத்துச் சுப்பிரமணி. நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் தூக்கம். ரிசால்தார் சாப்பின் குதிரைக் கதையில் அவனுக்கு உயிர். "நம்ம குதிர நம்மள மிதிக்குமாண்ணே?" என்று டாங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டு அதன் நிழலில் நீட்டிப் படுத்துவிடுவான். டாங்கை ஒட்டிப் படுக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஐந்து முறை திட்டியிருக்கிறேன். ஆறாவது முறை திட்டவில்லை. பீரங்கியில் குண்டு நிரப்பும் லோடர் ஒரு ஆந்திரக்காரர். அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் இந்தக் கதையிலும் பேச மாட்டார். நான் டாங்கு கமாண்டர். ஆக நான்கு பேர்.

அந்த நாளுக்கு வருகிறேன். பாலைவனத்தில் பயிற்சி. நண்பகல். ஒரு மேட்டுக்குப் பின்னால் ஸ்குவாட்ரன் நிற்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை மரம் என்று ஒன்று கிடையாது. நிழல் வேண்டுமென்றால் டாங்குதான். எங்கள் டாங்கில் உள்பேச்சுக் கம்பி பழுது. நாங்கள் நால்வரும் காதில் மாட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவரும் மற்ற டாங்குகளோடும் பேசும் கருவி ஊமையாகிவிட்டது. மெக்கானிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருவதற்குள் ஸ்குவாட்ரன் கமாண்டர் என்னைக் கூப்பிட்டார். வரைபடம் பார்க்கப் போய்விட்டேன்.

நான் இல்லாத நேரத்தில் மெக்கானிக் வந்திருக்கிறார். பழுது கன்னர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். சுப்பிரமணி மரியாதையாக எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினான். இறங்கியவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும்.

நான் திரும்பி ஓடி வருகிறேன். இரண்டு நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. அடுத்த ஸ்குவாட்ரனுக்கு முன்னால் மேட்டைத் தாண்ட வேண்டும் என்று போட்டி வேறு. ஓடி வந்து முன்பக்கத்தில் ஒரு தட்டு தட்டினேன். ஏறினேன். குனிந்து உள்ளே பார்த்தேன். இருட்டில் கறுப்பு டங்கரி உடுப்பு போட்ட இரண்டு முதுகு. லோடர் ஒன்று, கன்னர் ஒன்று. முன்னால் டிரைவர் துளையில் அண்ணாமலையின் தலை. என்னையும் சேர்த்து நான்கு.

கதையில் சொல்வது போல மூன்று அல்ல, தம்பிகளா. நான்கு. நான் எண்ணியது சரியாகவே இருந்தது. அவ்வளவு சரியாக என் வாழ்க்கையில் வேறெதையும் எண்ணியதில்லை.

கருவிதான் ஊமையாயிற்றே. கையை ஆட்டி, "ஸ்டார்ட்!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தம் வரவில்லை. பார்த்தால், அண்ணாமலை துளையிலிருந்து வெளியே வந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

"டேய்! இன்னாடா பண்ற?"

"நீங்க வர்ற வரிக்கும் உள்ளயே குந்திக்கினு இருந்தேண்ணே. இன்னும் சுத்து போடல."

"பிரதட்சிணம்லாம் சாயங்காலம் வச்சிக்கடா! மொதல்ல உள்ள எறங்கு!"

"ஒரே சுத்துண்ணே. தோ வந்துட்டேன்."

வலது பக்கத்து டாங்கு எஞ்சினை முடுக்கிவிட்டது. அதன் கமாண்டர் என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நான் அண்ணாமலையின் மேல் புகார் எழுதுவேன், லீவை ரத்து செய்வேன், சமையல் கூடத்துக்கு அனுப்புவேன் என்று மூன்று மிரட்டல் விட்டேன். அவன் வலது பக்கம் போனான், பின்னால் போனான், இடது பக்கம் வந்தான். முன்னால் வந்ததும் குனிந்தான். நிமிர்ந்து, சாமையில் குருவி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்:

"அண்ணே, சுப்ரமணி இங்க தூங்கிக்கினு கீறான்."

"எந்தச் சுப்பிரமணி?" என்று கேட்டேன். அவ்வளவு புத்திசாலி நான். உள்ளே குனிந்து கன்னரின் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். முதுகு திரும்பியது. வாயில் ஒரு கம்பித் துண்டைக் கடித்தபடி, பெரிய மீசையோடு, மெக்கானிக்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பட்டைக்கு நேர் முன்னால், மட்கார்டின் நிழலில் தலையை வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் முன்பக்கத்தில் தட்டி ஏறியது வலது பக்கமாக. டிரைவர் துளையிலிருந்து பார்த்தால் டாங்கின் மூக்குக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது. பட்டைக்கும் அவன் தலைக்கும் நடுவே அண்ணாமலை கையை வைத்து அளந்து காட்டினான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. காலைப் பிடித்து இழுத்ததும் சுப்பிரமணி கண்ணைத் திறந்து, "இன்னாடா, டீ வந்துச்சா?" என்றான்.

பட்டையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சுட்டது. அப்போதும் விடவில்லை.

மெக்கானிக் நல்ல வேலைக்காரர். சரியாக அந்த நேரத்தில் கருவி உயிர் பெற்றது. அதில் வந்த முதல் குரல் ஸ்குவாட்ரன் கமாண்டருடையது. மூன்று நிமிடத் தாமதம், ஏன் என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்றும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "கிளம்புமுன் தலை எண்ணினேன் சார். கன்னர் டாங்குக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது உள்ளே இருக்கிறான்." மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. சேர்த்து வைத்தால் பொய்.

மாலை அணிவகுப்பில் ஸ்குவாட்ரன் கமாண்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, கமாண்டர் என்றால் இப்படித் தலை எண்ண வேண்டும் என்றார். வாயைத் திறந்தேன். தியாகதுருகத்துக் குதிரை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். இரண்டாம் வரிசையில் நின்ற அண்ணாமலை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அணிவகுப்பு கலைந்த பிறகு ரிசால்தார் சாப் பக்கத்தில் வந்தார். அவருடைய டாங்கு எங்களுக்கு இடது பக்கம் நின்றிருந்தது; அண்ணாமலை குனிந்ததைப் பார்த்திருக்கிறார். "நன்றாகத்தான் எண்ணியிருக்கிறாய். ஆனாலும் இன்னும் ஒரு ஆள் குறைகிறதே" என்று இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி சரியாக வராது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இந்தி நன்றாகவே வரும்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். இரண்டு மாதம் கழித்து, பதவி உயர்வுக்கான வகுப்புக்கு ஆள் அனுப்பும் நேரம். அண்ணாமலையைப் பற்றி நான் ஒரு வரி எழுத வேண்டும். 'மெதுவானவர்' என்று எழுதினேன். ஒரே சொல். பொய்யில்லை; அவன் மெதுவானவன்தான். ஆனால் அந்தச் சொல்லை எழுதியது என் கையில் இருந்த நேர்மை அல்ல. தினமும் காலையில் அவன் முகத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஒன்று குத்தியது. குத்துகிற முகம் கொஞ்ச நாள் வேறெங்காவது இருக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். வேறொருவர் வகுப்புக்குப் போனார். அண்ணாமலைக்குச் சட்டைக் கையில் பதவிக் கோடு இரண்டு ஆண்டு தள்ளி வந்தது. நான் ரிசால்தாராக ஓய்வு பெற்றேன். அவன் தஃபேதாருக்கும் ஒரு படி கீழே, லான்ஸ் தஃபேதாராக ஊர் திரும்பினான்.

கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சுப்பிரமணியும் அதையே நம்பினான். இழுத்தது அண்ணாமலை, இழுக்கச் சொன்னது நான் என்பது அவன் கணக்கு. தியாகதுருகத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்கு ஒரு கட்டுக் கரும்பு அனுப்புவான். முப்பத்தொரு பொங்கல். கட்டுக்குப் பன்னிரண்டு கழி இருந்தது, நான்கு ஆண்டாகப் பத்துதான் இருக்கிறது. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் கேட்டதில்லை.

நீங்கள் கட்டுரை கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அச்சில் வருவதற்கு முன் இரண்டு பேரிடம் நேரில் சொல்லியாக வேண்டும். சுப்பிரமணியைக் கூப்பிட்டு, அண்ணாமலையைப் பார்த்து வரலாமா என்றேன். பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான், காலையிலேயே வந்துவிட்டான். நான் ரிசால்தார் ஆனதிலிருந்து என்னைச் சாப் என்பான், கோபம் வந்தால் பழையபடி அண்ணே என்பான்.

கச்சிராயபாளையம் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் டயர் விலையைப் பற்றிப் பேசினான். கோமுகி அணை வந்தது. நான் தொண்டையைச் செருமினேன். வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஏன் பிள்ளைகளைத் தொல்லை செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"பதினேழு பேர்தான் சுப்பிரமணி. பதினெட்டு காட்டுது. பாதுகாப்பு விஷயம் இல்லையா?"

"சாப், அந்தப் பதினெட்டாவது ஆளு நீங்கதான். உங்கள எண்ணல நீங்க."

மலைப் பாதை ஏறத் தொடங்கியது. மூன்றாவது வளைவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்கு தலை, மீசை வைத்த முதுகு, என் மூன்று மிரட்டல், 'மெதுவானவர்' வரை. சுப்பிரமணி அதன் பிறகு நான்கு வளைவு பேசவில்லை. அவனுக்குப் பேச்சு வந்த நாள் முதல் அத்தனை வளைவு பேசாமல் இருந்திருக்க மாட்டான். ஐந்தாவது வளைவில் வேனை ஓரம் கட்டினான்.

"அப்ப முப்பத்தொரு வருசமா கரும்பு ராங் அட்ரசுக்குப் போய்க்கினு இருந்துச்சாண்ணே?"

அண்ணே என்றுவிட்டான். "ஆமாம்" என்றேன்.

"கணக்கப் பாத்துக்கினே குந்தியிருக்கறவரு, இத மட்டும் எப்டிண்ணே கணக்குல வைக்காம வுட்டீங்க?"

அவன் வண்டியை எடுத்தான். எத்தனை வளைவு மீதி இருந்தது என்று நான் எண்ணவில்லை.

அண்ணாமலை களத்தில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதே நடையில் வந்தான். மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தார் அவன் மனைவி. நான் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, கண்ணாடி போட்டு, முழுவதையும் படித்தேன். ஒரு வரி விடவில்லை. 'மெதுவானவர்' என்ற சொல்லையும் சேர்த்து. அவன் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தான்.

"அது தெரியும் சாப்" என்றான்.

"எது?"

"மெதுவானவர்னு எழுதுனது. ஆபீஸ் கிளார்க்கு அப்பவே படிச்சிக் காட்டுனாரு."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் என்னைப் பார்த்துச் சிரிச்ச?"

"தப்பா எழுதியிருந்தா சண்ட போட்டிருப்பேன். நீங்க உள்ளதத்தான எழுதனீங்க?" ஒரு துண்டைச் சுப்பிரமணியின் பக்கம் நகர்த்தினான். "நான் அவசரக்காரனா இருந்திருந்தா இவன் இன்னிக்கி இங்க குந்திக்கினு கெழங்கு துன்னுவானா?"

அவன் மனைவி உள்ளேயிருந்து, "மெதுவா? எங்க கண்ணாலத்துக்கே லேட்டா வந்த ஆளுங்க அவரு" என்றார்.

சுப்பிரமணி சிரிக்கத் தொடங்கியவன் நடுவில் நிறுத்திவிட்டான். கிழங்கைக் கீழே வைத்து, அண்ணாமலையின் கையைப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இந்தப் பொங்கலுக்குப் பன்னெண்டு கழி" என்றான். பன்னிரண்டு என்பதை என்னைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "அன்னைக்கு நான் அவ்வளவு கத்தியும் இறங்கிச் சுத்தினயே. கீழே ஆள் இருக்கும்னு ஏதாவது தோணுச்சா?"

அண்ணாமலை யோசித்தான். அவன் யோசிக்கும் நேரத்தில் ஒரு மூட்டை சாமையைப் புடைத்துவிடலாம்.

"ஒண்ணுமே தோணல சாப். தோணியிருந்தா எறங்கியிருக்கவே மாட்டேன். நீங்க கத்துன கத்துக்கு உள்ளுக்குள்ள நடுக்கம் ஜாஸ்தி. கால் பாட்டுக்குப் போயிட்டுது."

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் நான் யோசித்தேன், எண்ணினேன், முடிவெடுத்தேன். எல்லாமே சரியாக வந்தது, ஒருவன் சாகும் அளவுக்கு. பயத்தில் யோசிக்கக்கூட முடியாத ஒருவனைத் தினமும் நாற்பத்திரண்டு அடி நடந்த கால் சுற்றிக்கொண்டு போனது. உங்கள் கால் பழகட்டும். தட்டுவதோடு நிறுத்தாதீர்கள். யாராவது பெயர் வைத்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் ஒருவர் உங்கள் கமாண்டராக இருந்தாலும் பரவாயில்லை.

அன்றைக்குப் பிறகு தலை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன் என்பது கதையில் வராத பகுதி. ஓய்வு பெறும் வரை கிளம்புமுன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் குரலைக் கேட்ட பிறகே கையை ஆட்டினேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. சுப்பிரமணி கதவைச் சாத்திக்கொண்டு, "சாப், ஏறுங்க. மல எறங்கறதுக்குள்ள இருட்டிடும்" என்றான். நான் ஏறவில்லை. வேனின் முன்பக்கத்தில் கை வைத்தேன். தகரம் இன்னும் சுட்டது. கையை எடுக்காமல் வலது பக்கம் போனேன். முழங்கால் வலியோடு பின்பக்கம் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் வந்தேன். களத்து ஓரத்திலிருந்து அண்ணாமலையின் குரல் வந்தது. முப்பத்தொரு ஆண்டு அவன் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"டேய்! பிரதட்சிணம்லாம் சாயங்காலம் வச்சிக்கடா!"

"சாயங்காலம்தான்டா இப்போ!" என்று கத்தினேன்.

சுற்றை முன்பக்கத்தில் முடித்தேன். வேனுக்கு அடியில் ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்தேன். உள்ளே இருந்தது நாங்கள் இரண்டே பேர். திரும்பிப் பார்த்தால் தெரியும். ஆனாலும் நேராகப் பார்த்தபடி கூப்பிட்டேன்.

"சுப்பிரமணி?"

"இருக்கேண்ணே" என்றான்.